டயாலிசிஸ் செய்துகொள்வோரின் ருசியும் பசியும்



டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரையேனும் அறியாத குடும்பம் இன்று நம்மிடையே அநேகமாக இல்லை எனலாம். ஒருவருக்கு அவர் வாப்பா, ஒருவருக்கு மச்சான், மற்றொருவருக்குக் கடைப் பங்காளி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிறுநீரகம் செயலற்றுப் போவதற்கு முதற்காரணம் நீரிழிவு. அத்துடன் சேர்ந்து கெடுப்பது இரத்தக் கொதிப்பு. இவ்விரண்டும் நம்மவரிடம் எவ்வளவு மலிந்திருக்கின்றன என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் மட்டும் டயாலிசிஸ் செய்துகொள்வோர் 50,000 பேருக்கு மேலிருக்கின்றனர்.

இவர்களுடைய வீடுகளில் ஒரு சச்சரவு தவறாமல் எழுகிறது. “வாயில் வைத்தால் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது, எனக்கு வேண்டாம்” என்பார் நோயாளி. “நேற்று கேட்டார் என்றுதானே இன்று ஆக்கினோம், வேண்டுமென்றே அடம் பிடிக்கிறார்” என்பார்கள் வீட்டார். இருவரில் யார் சொல்வது மெய்? இதை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் வைத்தியரல்லர், பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நமது படிப்பு. எனினும் நெருங்கிய உறவினர் ஒருவருக்குத் துணையாக டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்வந்து, டாக்டர்களிடமும் தாதியரிடமும் உணவு ஆலோசகரிடமும் கேட்டறிந்தவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறோம்.

இயந்திரம் செய்யும் வேலை

சிறுநீரகத்தின் வேலை இரத்தத்தைச் சுத்தம் செய்வது. நாம் உண்ணும் உணவிலிருந்து உண்டாகும் யூரியா முதலிய கழிவுகளையும், மிஞ்சிய உப்பையும் தண்ணீரையும் அது பிரித்து வெளியேற்றுகிறது. அது நின்றுபோனால் கழிவு இரத்தத்திலேயே தேங்கும். ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ஃப் என்பவர் 1943-ஆம் ஆண்டில், செலோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதன் வழியே இரத்தத்தை ஓடவிட்டுச் சுத்தம் செய்யும் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதனால் முதல் நோயாளி உயிர் பிழைத்தது 1945-இல். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் கண்டுபிடித்த குழாய் இணைப்பினால், அதே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்வது சாத்தியமாயிற்று. சிங்கப்பூரில் இச்சிகிச்சை 1961-இல் தொடங்கியது.

இவ்வளவு மேலான கருவியாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வாரத்துக்கு 168 மணி நேரம். சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் ஓயாமல் உழைக்கிறது. இயந்திரமோ வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், ஆக 12 மணி நேரம் மட்டுமே உழைக்கிறது. மீதி 156 மணி நேரத்தில் கழிவு மறுபடியும் சேருகிறது. வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் கூட்டிப் பெருக்கப்படும் கடையின் நிலை எதுவோ அதுவே இவ்வுடம்பின் நிலையும். நாக்கும் வயிறும் படும் பாட்டுக்கு மூலகாரணம் இதுதான்.

ருசி மாறுவது ஏன்?

முதற்காரணம் உமிழ்நீர். இரத்தத்தில் யூரியா மிகும்போது அது உமிழ்நீரிலும் கலக்கிறது. வாயிலுள்ள கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. வாயில் காரமான வாடை வீசுவதும், எதைத் தின்றாலும் செம்பு, இரும்பு போன்ற ருசி தட்டுவதும் இதனாலேயே. இறைச்சி, மீன் ஆகியவற்றில் இது அதிகமாகத் தெரியும். ஆகையால்தான் கறிச்சோறு என்றால் உயிரை விட்டவர்கூட அதன் வாடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டயாலிசிஸுக்கு முந்திய நாளில் இது கூடுவதும், டயாலிசிஸ் முடிந்தபின் குறைவதும் பலரிடம் காணப்படுகிறது. நேற்று ருசித்தது இன்று ருசிக்காமல் போகும் மர்மம் இதுவே. அதில் அடம் ஏதுமில்லை.

இரண்டாவது, வாய் வறட்சி. உணவின் சாரம் உமிழ்நீரில் கரைந்தால்தான் நாக்கு அதை அறியும். சுகமான மனிதருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. டயாலிசிஸ் செய்வோருக்கு அது குறைந்துவிடுகிறது. குடிக்கும் தண்ணீருக்கும் கட்டுப்பாடு உண்டு. காய்ந்த நாக்கில் ருசி தங்காது.

மூன்றாவது, துத்தநாகச் சத்துக் குறைவு. நாக்கின் ருசி மொட்டுகள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருப்பவை. அதற்குத் துத்தநாகம் வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இச்சத்துக் குறைவது உண்டு. ஆனால் டாக்டர் சோதித்துச் சொன்னாலன்றி அதற்குரிய மாத்திரையை நாமாக வாங்கிக் கொடுத்தல் கூடாது.

நான்காவது, மருந்துகள். சாப்பாட்டோடு விழுங்கும் பாஸ்பேட் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் சில சுண்ணாம்பை மென்றதுபோல் வாயில் நிற்கும், மலச்சிக்கலும் உண்டாக்கும். மலச்சிக்கல் உள்ள வயிற்றில் பசி ஏது?

பசி குறைவது ஏன்?

ருசி கெட்டால் பசி கெடும் என்பது யாரும் அறிந்தது. அதற்கு மேலும் காரணங்கள் உள. தேங்கிய கழிவு குமட்டலை உண்டாக்குகிறது. நீண்டகால நீரிழிவால் இரைப்பையின் நரம்பு பழுதானவருக்கு, காலையில் உண்டது மத்தியானம் வரை வயிற்றிலேயே கிடக்கிறது. வயிற்றுக்குள் திரவம் செலுத்தி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு, அத்திரவத்தின் பாரம் ஒருபுறம், அதிலிருந்து உடம்பில் சேரும் சர்க்கரை மறுபுறம். இரண்டும் ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்று சொல்லவைக்கின்றன. இயந்திரத்திலிருந்து எழுந்து வருவோருக்கோ சோர்வு மேலிட்டு, உண்ணாமலே படுத்துவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. மனச்சோர்வும் பசியைக் கொல்லும்.

நம்மவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய காரணம் இன்னொன்று உண்டு. “கடையில் சரக்கு இறங்குகிறது, இன்றைக்கு மூன்று மணி நேரம் போதும்” என்று இயந்திரத்தை முன்னதாக நிறுத்தச் சொல்லும் முதலாளிமார் உளர். “இந்த ஒரு முறை போகாவிட்டால் என்ன?” என்போரும் உளர். அவர்கள் மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரத்துக்குரிய கழிவு உடம்பிலேயே தங்குகிறது. மறுநாள் வாய் கசக்கிறது, சாப்பாடு வெறுக்கிறது. டயாலிசிஸ் போதிய அளவு நடக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனையால் கணக்கிட்டுச் சொல்ல முடியும். ஆகவே பசி விடாப்பிடியாகக் குறைந்தால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா?” என்பதே.

உண்ணாமையால் வரும் நஷ்டம்

‘நோயாளிதானே, கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால் என்ன?’ என்று நினைத்தல் பெரும் பிசகு. டயாலிசிஸ் தொடங்குமுன் டாக்டர்கள் கறி, மீன், முட்டையைக் குறைக்கச் சொல்வது வழக்கம். தொடங்கிய பின் கணக்குத் தலைகீழாகிறது. ஏனெனில் ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்ந்து, உடம்புக்கு வேண்டிய புரதத்தின் கூறுகளும் சுமார் 6 முதல் 12 கிராம் வரை வெளியே போய்விடுகின்றன. பல வீடுகளில் பழைய உத்தரவையே பிடித்துக்கொண்டு, நோயாளிக்கு வெறும் சோறும் ரசமும் கொடுத்துவருகிறார்கள். அன்பினால் செய்யும் இக்காரியம் அவரை மெலிய வைக்கிறது.

2020-இல் வெளியான அமெரிக்க வைத்திய வழிகாட்டியின்படி, டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இதை வரவுக் கணக்காக எழுதிப் பார்ப்போம். முட்டை இரண்டு: 12 கிராம். சமைத்த மீன் 100 கிராம்: சுமார் 20 கிராம். சமைத்த கோழி 75 கிராம்: சுமார் 20 கிராம். சோறு, ரொட்டி முதலியவற்றால் 10 கிராம். ஆக மொத்தம் 62 கிராம். பசியற்ற ஒருவருக்கு இது சிறிய வேலையன்று. வரவு குறைந்து செலவு மட்டும் நடந்தால் முதல் கரையும். இங்கே முதல் என்பது உடம்பின் தசை.

இந்த நஷ்டம் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. டயாலிசிஸ் முடிந்தபின், மிகுதி நீர் ஏதும் இல்லாத நிலையில் இருக்கும் எடையை ‘உலர் எடை’ என்பார்கள். ஒருவருடைய உலர் எடை 70 கிலோ என வைத்துக்கொள்வோம். உண்ணாமையால் அவர் தசையில் 3 கிலோ குறைந்துவிட்டது. நிலையத்திலோ இன்னமும் 70 கிலோவுக்கே நீரை இறக்குகிறார்கள். அப்படியானால் 3 கிலோ தசையின் இடத்தில் 3 லிட்டர் தண்ணீர் தங்கிவிட்டது என்று பொருள். தராசு ‘70’ என்றே காட்டும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், இரத்தக் கொதிப்பு ஏறும். எனவே நோயாளி சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால், எடை மாறாவிட்டாலும் அதை நிலையத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

நீரிழிவு உள்ளவருக்கு இன்னுமோர் அபாயம். சிறுநீரகம் கெட்டவரின் உடம்பில் இன்சுலின் நெடுநேரம் தங்குகிறது. சாப்பாடு குறைந்து, ஊசியின் அளவு மட்டும் பழையபடியே இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். அவ்வேளையில் ஆரஞ்சுச் சாறு கொடுப்பது டயாலிசிஸ் நோயாளிக்கு ஏற்றதன்று. சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும்.

உப்பு என்னும் கண்ணி

ருசி மங்கிய நாக்கு முதலில் தேடுவது உப்பை. பினாங்கில் சாப்பாட்டுக் கடை நடத்தும் பெரியவர் ஒருவர். நமக்கு மாமு முறை. முப்பது வருஷமாக அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு ஆணம் ஊற்றி நக்கிப் பார்த்து, “சரி” என்று சொன்ன பிறகே சட்டி முன்பக்கம் போகும். டயாலிசிஸ் தொடங்கிய சில மாதங்களில், “உப்பு எங்கேப்பா?” என்று பண்டாரியைத் தினமும் கேட்கலானார். “நேத்துப் போட்ட அளவுதான் முதலாளி” என்றார் பண்டாரி. மாமு நம்பவில்லை, தம் கையாலேயே ஒரு பிடி அள்ளிப் போட்டார். மத்தியானம் வாடிக்கைக்காரர்கள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்கள். உணவு ஆலோசகர் காரணத்தை விளக்கிய பிறகு, உப்பைத் தராசில் நிறுத்துப் போடுவதென்றும், மகன் ருசி பார்ப்பதென்றும் ஏற்பாடாயிற்று. ஒரு வாரம் மாமு அடுப்படிப் பக்கமே வரவில்லை. தொழிலுக்கு ஆதாரமாயிருந்த நாக்கை நம்ப முடியாமற் போவது ஒரு மனிதனுக்கு எத்தகைய துக்கம் என்பதைச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அறிவார்கள்.

இந்நோயாளிக்கு உப்பு நாளொன்றுக்கு 5 கிராம் அளவில், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். சோயா கிச்சாப்பு ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் அதிலேயே ஏறக்குறையப் பாதி முடிந்துவிடும். சுமார் 8 கிராம் உப்பு உடம்பில் சேர்ந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘தண்ணீரைக் குறை’ என்று சொல்லிக்கொண்டே கருவாடும் ஊறுகாயும் பிலாச்சான் சம்பாலும் பரிமாறுவது, தொட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றது. இதில் ஓர் ஆறுதலும் உண்டு. உப்பைக் குறைத்து இரண்டு மூன்று மாதம் பொறுத்தால், நாக்கு அக்குறைந்த அளவுக்கே பழகிக்கொள்கிறது.

செய்யத் தக்கவை

1. சாப்பாட்டுக்கு முன் பல் துலக்கி, நாக்கை வழித்து, குளிர்ந்த நீரால் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அம்மோனியா வாடை குறையும். வாய் வறண்டால் சிறு பனிக்கட்டி ஒன்றை வாயிலிட்டுக் கொள்ளலாம். ஆனால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

2. உலோகக் கரண்டியை விட்டுக் கையால் உண்பது நல்லது. இது நமக்குப் புதிதன்று.

3. சூடான இறைச்சியின் வாடை குமட்டினால், ஆறவைத்துக் கொடுக்கலாம். இறைச்சி அறவே பிடிக்காத நாளில் முட்டையும் மீனும் கோழியும் அதற்கு ஈடு செய்யும். முட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் மிகுதி, பாஸ்பரஸ் குறைவு.

4. உப்பின் இடத்தை மசாலாவால் நிரப்ப வேண்டும். மிளகு, சீரகம், கொத்தமல்லி, பட்டை, கிராம்பு, ஏலம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, ரம்பையிலை, செரை, சில துளி எலுமிச்சை ஆகியவை சமையலில் போடும் அளவில் ருசியைத் தூக்கிக் கொடுக்கும். கோழியை இஞ்சி, பூண்டு, எலுமிச்சையில் ஊறவைத்துப் பொரித்தால் உப்புக் குறைவு தெரியாது. மசாலாக்கடை வைத்திருக்கும் நமக்கு இதைவிடச் சுலபமான வைத்தியம் வேறென்ன?

5. மூன்று வேளை என்பதை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். ருசி நன்றாக இருக்கும் நேரத்தில் முக்கிய உணவைக் கொடுக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வரும்போது முட்டை ரொட்டி போன்ற ஏதாவது கையில் தயாராக இருப்பது நன்று.

6. பல் நோய், வாய்ப்புண், நாக்கில் வெண்படலம், விடாத மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவற்றை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவையெல்லாம் தீர்க்கக்கூடிய காரணங்கள்.

கடைக்காரர் கையில் உள்ளவை

ருசிக்கும் பசிக்கும் வழி தேடி நோயாளிகள் நமது கடைகளுக்கே வருகிறார்கள். ஆகவே சிலவற்றை நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படும் பாக்கெட்டுகள் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறது. சுகமானவருக்கு நன்மையாகும் அது, டயாலிசிஸ் நோயாளியின் இருதயத்தையே நிறுத்திவிடக் கூடும். யாருக்கென்று ஒரு வார்த்தை கேட்டு விற்பது நம் கடமை.

பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிக்கு விஷம். விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரையில் அது கொண்டு போயிருக்கிறது. ஒரு பழம், ஒரு கோப்பைச் சாறுகூட ஆகாது. வாய் கசப்புக்கு மெங்குடுச் சாறு, ஜாமு, லேகியம் என்று நாடுவதும் ஆபத்தே. மெங்குடுச் சாற்றில் பொட்டாசியம் அதிகம்.

இளநீர், புளி, தக்காளிச் சாறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், டுரியான் ஆகியவற்றிலும் பொட்டாசியம் மிகுதி. கிழங்கு, கீரைகளைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் ஓரளவு குறையும். எது எவ்வளவு என்பது அவரவர் இரத்தப் பரிசோதனையைப் பொறுத்தது. உணவு ஆலோசகரைக் கேட்க வேண்டும்.

நோன்பும் விருந்தும்

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. அதைப்பற்றி டாக்டரிடமும் ஆலிமிடமும் கலந்துகொள்ள வேண்டும். நோன்பு நோற்காவிட்டாலும் மாலையில் எல்லோருடனும் கஞ்சி குடிக்க ஆசை வரும். கஞ்சி என்பது தண்ணீரும் உப்பும் என்பதை மறவாமல், சிறு கிண்ணத்தில், உப்புப் போடுமுன் தனியே எடுத்துவைத்துக் கொடுக்கலாம். பேரீச்சம்பழத்திலும் பொட்டாசியம் உண்டு. எண்ணிக்கையைக் கேட்டறிய வேண்டும்.

கந்தூரியிலும் கல்யாணத்திலும் இவர்கள் படும் சங்கடம் பெரிது. ஒருவர் “இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்துங்க” என்று வற்புறுத்துகிறார். வேறொருவர் “உங்களுக்கெல்லாம் இது ஆகாதே காக்கா” என்று சபை நடுவே சொல்கிறார். இரண்டும் வேண்டாம். நெய்ச்சோறும், ஆணம் ஊற்றாத கோழித்துண்டும் ஒரு தட்டில் முன்னமே தனியாக எடுத்துவைத்தால், அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து கௌரவமாக உண்பார். பலர் நடுவில் உட்கார்ந்தால் நாலு கவளம் கூடுதலாக இறங்குவதும் உண்டு.

முடிவுரை

சகோதரர்களே! ருசி மாறுவது நோயாளியின் குணக்கேடு அன்று. இரத்தத்திலும் உமிழ்நீரிலும் நடக்கும் மாற்றம். பசி குறைவது இயல்பென்று விட்டுவிடத் தக்கதும் அன்று. காரணம் தேடித் தீர்க்க வேண்டியது. முறை தவறாமல் முழு நேரமும் டயாலிசிஸ், குறைந்த உப்பு, போதிய புரதம், பொறுமையுள்ள வீட்டார் ஆகிய நான்கும் சேர்ந்தால் உடம்பு தேறும்.

சாப்பாட்டுக் கடை வைத்திருப்போரிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்று. உப்பும் ஆணமும் இல்லாமல் இரண்டு முட்டையோ ஒரு துண்டு மீனோ கேட்டு ஒருவர் வந்தால், “அப்படி இங்கே இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். அன்றைய தினம் அவர் உண்ணப்போகும் ஒரே உணவு அதுவாக இருக்கலாம். இப்பக்கத்தை எடுத்துச் சென்று, வீட்டில் சமைப்பவர்களுக்கும் கடைப் பண்டாரிகளுக்கும் படித்துக் காட்டும்படி வேண்டிக்கொள்கிறோம்.